இரும்பு இல்லாத கத்தி

"ஹலோ... ஹலோ... ஆமா, மாரித்தாய்தான் பேசுறேன்... யாரு? ... ஏலே, சுந்தரபாண்டியா? சத்தமாப் பேசு, கெணத்துக்குள்ள கெடந்து கத்துற மாதிரி இருக்கு... ஆமா, ஆமா, மண்டிலதான் இருக்கேன். நான் எடுக்காம, ஒன் மச்சான் மேல இருந்து எறங்கி வந்தா போனை எடுப்பாக? ... சரி, சொல்லு. மூணு நிமிசம் ஆனா வெட்டிருவான்."

விருதுநகர் தங்கச்சாமியின் மிளகாய் வற்றல் மண்டிக்கு டெலிபோன் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதைத் தொடுவதற்கு முன் தோள்துண்டில் கையைத் துடைத்துக்கொள்வார் தங்கச்சாமி. மாரித்தாய்க்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பதினெட்டு ஏக்கர் கரிசலை, புருஷன் போன ஒன்பது வருஷமாக ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிறவள். ஆட்களுக்கே அளந்துதான் மரியாதை கொடுப்பாள். மேஜைமேல் கறுப்பாக உட்கார்ந்திருக்கிற ஒரு கட்டைக்கு எதற்கு மரியாதை? இருப்பு வைத்திருந்த வற்றலைப் போட வந்த இடத்தில், சிவகாசியிலிருந்து டிரங்க் கால் என்றதும், ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு தங்கச்சாமி ஜாடை காட்டியதும் ஒரு முறை முறைத்துவிட்டுத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

பேசுவது அவள் தம்பி. ஆவணி கடைசியில் மாரித்தாயின் ஒரே மகள் செல்லத்தாய்க்குக் கல்யாணம். மாப்பிள்ளை சோலைச்சாமி, அவள் புருஷனுக்கு அக்கா மகன். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் ஒரு வெடிக் கம்பெனியில் போர்மேனாக இருக்கிறான். அவன் கம்பெனியில் பத்திரிகை வைத்துவிட்டு வரத்தான் தம்பியைக் காலையில் சிவகாசிக்கு பஸ் ஏற்றி அனுப்பியிருந்தாள்.

"பத்திரிகை வச்சாச்சா? ... மேனேசருக்கும்? ... சரி. அப்பப் பஸ் ஏற வேண்டியதுதான, எதுக்குப் போன்? ... எங்கன நிக்கே? ... பாத்திரக்கடையிலயா. அங்கன ஒனக்கு என்ன சோலி? ... என்ன வாங்க? ... கத்தியா? ... மடக்குக் கத்தி. யாருக்கு? ... முளுங்காமச் சொல்லு, யாருக்கு? ... ஏலே, அவனை மாப்பிள்ளைன்னு சொல்லாத. தாலி ஏறட்டும். ஏறுன பெறகு பாப்போம், அவன் மாப்பிள்ளையா மண்ணாங்கட்டியான்னு."

மூட்டை பிரித்த நெடி மூக்கில் ஏறி ஒரு தும்மல் போட்டாள். ரிசீவருக்குள்ளேயே போட்டாள். அந்தப் பக்கத்துக் காது என்ன ஆனதோ, அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

"ஒன்னுமில்ல, வத்த நெடி... ஆமா, கத்தி. அதான் ஒன்னு குடுத்தாச்சே. வெள்ளிக்கெளமை, பரிசத்தன்னைக்கு, ஊரு கூடி இருக்கையில என் கையாலதான குடுத்தேன். அதுக்குள்ள அடுத்ததா? கத்தி என்ன, கருப்பட்டியா, கரைஞ்சு போறதுக்கு? ... தொலைச்சுட்டானா? ... தொலைக்கல. பெறகு? ... சும்மா கேக்கேன்னா என்னலே அர்த்தம்?"

அந்தக் கத்தியின் கதையைச் சொல்லாவிட்டால் இந்த டெலிபோன் பேச்சு விளங்காது.

மாரித்தாய்க்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. சோலைச்சாமியின் அப்பா இருந்த காட்டை விற்றுத் தின்றுவிட்டுப் போனவர். பையன் மண்ணில் கால் வைக்காமல் வெடிமருந்துக்குள் கை வைத்துப் பிழைக்கிறான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவன் நக இடுக்கில் வெள்ளிப்பொடி மினுங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சலாக வரும். ஆனால் சாகும்போது புருஷன் தன் அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மகளும் கட்டினால் சோலைச்சாமியைத்தான் என்று உட்கார்ந்துவிட்டாள். மாரித்தாய் வேறு வழியில்லாமல் தலையை ஆட்டிவிட்டு, அவனாக ஏதாவது கோணல் செய்யமாட்டானா என்று காத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று முறைக்குக் கேட்டபோது, வாட்சு கேட்பான், மோதிரம் கேட்பான், சைக்கிளாவது கேட்பான் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்று, பித்தளையில் இருந்தால் நல்லது என்றான். மாரித்தாய் இரண்டு நாள் சிரித்தாள். பித்தளை என்றால் பிடியில் போடுகிற பூண் என்று அவளாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டாள். சாத்தூர்ப் பட்டறையில் சொல்லி, புளியங்கட்டைப் பிடி, இரண்டு பக்கமும் பளபளவென்று பித்தளைப் பூண், ஒரு சாண் எஃகு அலகு என்று ஆட்டை உரிக்கிற மாதிரி ஒன்றைச் செய்து வாங்கினாள்.

பரிசத்தன்று அதை வைத்து ஒரு காரியமும் பண்ணினாள். பரிசம் போட்டதிலிருந்து தாலி ஏறும்வரை மாப்பிள்ளை உடம்பில் இரும்பு இருக்கவேண்டும், காத்து கருப்பு அண்டாது என்பது அவர்கள் பக்கத்துச் சாங்கியம். இப்போதெல்லாம் ஒப்புக்கு ஒரு பொழுது செருகிவிட்டு எடுத்து வைத்துவிடுகிறார்கள். மாரித்தாய் விடவில்லை. சபை நடுவில் கத்தியை நீட்டி, இது உன் இடுப்பைவிட்டு இறங்கினால் என் மகள் உன் வீட்டுப் படி ஏறமாட்டாள் என்று சொன்னாள். சாங்கியத்தின்மேல் அவளுக்கு அப்படி ஒன்றும் பக்தி இல்லை. இரண்டு வாரம் எவனால் இடுப்பில் கத்தியோடு திரியமுடியும்? கழற்றுவான். கழற்றினால் கையைக் கழுவிவிடலாம். அவ்வளவுதான் அவள் திட்டம்.

கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று கீழே வைத்துத்தான் எடுப்பது வழக்கம். அவள் வேண்டுமென்றே கையில் நீட்டினாள். சோலைச்சாமி தோள்துண்டை எடுத்து அவள் முன்னால் தரையில் விரித்தான். அதில் வைக்கச் சொல்லி, எடுத்து, ஒரு தடவை விரித்து அலகைப் பார்த்தான். முகம் ஒரு மாதிரி ஆனது. ஒன்றும் சொல்லாமல் மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டான். வாயில்லாப் பூச்சி என்று மாரித்தாய் நினைத்துக்கொண்டாள்.

"சரி, வாங்குறதுன்னா வாங்கித் தொலைக்க வேண்டியதுதான. அதுக்கு என்னை எதுக்குக் கேக்கே? ... எதை எடுக்கன்னு தெரியலையா. நாப்பது வயசாச்சு, ஒரு கத்தி எடுக்க அக்கா வேணும்... ம். மூணு தினுசு. ஒவ்வொன்னாச் சொல்லு, கேப்போம். தங்கச்சாமி அண்ணாச்சியும் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் இருக்காக."

தங்கச்சாமி அவசரமாக ஒரு வற்றலை எடுத்துக் காம்பைக் கிள்ளிப் பார்த்தார்.

"மொதல்ல? ... வேப்பங்கட்டைப் பிடி. ம். வேலைப்பாடு? ... ஒன்னும் கெடையாது. அலகு எம்புட்டு நீளம்? ... மூணு வெரக்கடையா? ஏலே, அது கத்தியா, காதுல குறும்பி எடுக்குற குச்சியா? ... விரிச்சா டக்குனு நிக்குமா? ... நீயா விரிச்சு நீயா மடக்கணும். ஸ்பிரிங்குகூடக் கெடையாது. பிச்சை எடுக்குறவன்கூட இடுப்புல வைக்கக் கூசுவான்... அலகு என்னதுல? ... ஆங்? ... வெளங்கல, திருப்பிச் சொல்லு... பித்தளையா?"

ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, அதுதான் தப்பாகச் சொல்லிவிட்டது என்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரும்பவும் காதில் வைத்தாள். சிரிப்பு உள்ளேயிருந்து குலுங்கிக்கொண்டு வந்தது.

"பித்தளைல அலகு. எதை வெட்டவாம்? வாளைப்பளத்தையா? அவிச்ச சீனிக்கெளங்கையா? ... குத்துவெளக்குத் தேச்ச மிச்சத்துல செஞ்சானா கடைக்காரன்? சாணை பிடிக்கக் கொண்டுபோனா அவன் சிரிச்சே சாணைச் சக்கரத்துல விளுந்துருவான்... இல்ல, நீ சொல்லு, நான் சிரிக்கல... ரெண்டாவது? ... தேக்குப் பிடி. அதுவும் பித்தளை அலகு. ஆமா, ஆமா, அந்தக் கடையில இரும்புக்குப் பஞ்சம் போல. மூணாவது? ... கருங்காலி. பூவேலை செஞ்சிருக்கா. அமுக்குனா டக்குனு விரியுதா. அது கொஞ்சம் மனுசன் வச்சுக்கிற மாதிரி இருக்கு... அதுலயும் பித்தளை அலகுதானா? போச்சு. கல்யாணத்துக்கு வார சனம் கேட்டா என்னன்னு சொல்ல? எங்க வீட்டு மருமகன் தயிரு வெட்ட வச்சிருக்காருன்னு சொல்லவா?"

மண்டியில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். கேட்பதற்கு ஆள் இருந்தால் மாரித்தாய்க்கு வாய் இன்னும் கொஞ்சம் நீளும்.

"நான் குடுத்தேன் பாரு, அது கத்தி. ஒரு சாண் எஃகு. பூண் மட்டுமே ரெண்டு நாள் வேலை. அதைவிட இந்தத் தகரம் ஒசத்தியாத் தெரியுதா அவனுக்கு? ... அவன் கேக்கலையா? ... நீயாத்தான் வாங்குறியா. ஏன்? ... நல்லா இருக்குன்னா பெறகு எதுக்கு இன்னொன்னு? ... சுந்தரபாண்டி, நீ என்னமோ மறைக்கே. சின்னதுல வெல்லம் திருடித் தின்னுட்டு நிக்கையிலயும் இப்படித்தான் எச்சி முளுங்குவே... யாரு? ... யாரும்மா நடுவுல? ... மூணு நிமிசமா? தாயி, நீ நல்லா இருப்பே, இன்னொரு மூணு நிமிசம் போடு. இந்தக் கூறுகெட்டவன் இன்னும் விசயத்துக்கே வரல... ஆமா, அவன்தான், என் தம்பிதான். என்ன செய்ய, கூடப் பெறந்துட்டான்."

கர்ரென்று ஒரு சத்தம் வந்தது. லைன் திரும்பவும் தெளிந்தது.

"இருக்கியா? ... ம், இப்பச் சொல்லு. சுத்தி வளைக்காத... என்னது கூடாது? ... இரும்பே கூடாதா? கம்பெனிக்குள்ளயா? யாரு போட்ட சட்டம்? ... சரி, கரண்டி? ... பித்தளை. சுத்தி? ... மரத்துல. ஓகோ. மரச் சுத்தி, பித்தளைக் கரண்டி. அது என்னலே, வெடிக் கம்பெனியா, சொப்புச் சாமான் வச்சு விளையாடுற எடமா? ... திரி வெட்டுறதுக்கும் பித்தளைக் கத்திதானா? ... சணல் அறுக்கவும். ஆமா. ஆமா. கேட்டுல வச்சு மடியெல்லாம் தடவிப் பாப்பாகளா? பொம்பளைப் பிள்ளைகளையுமா? ... பொம்பளை ஆளு வச்சா. பரவால்ல, அம்புட்டுக்காவது புத்தி இருக்கு."

இடது கையால் காதுப் பாம்படத்தை ஒதுக்கிவிட்டு, ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றினாள். இந்த மாதிரி விதண்டாவாதங்களில் தோற்றுப்போய் அவளுக்குப் பழக்கமில்லை.

"தீப்பெட்டி கூடாதும்பாக, பீடி கூடாதும்பாக, அது எனக்கும் தெரியும். எங்கூர்லயும் ரெண்டு கம்பெனி இருக்கு. இரும்பு என்னலே பாவம் பண்ணுச்சு? இரும்பா பத்திக்கிரும்? என் வீட்டு மூலையில கெடக்காத இரும்பா? கொளு கெடக்கு, அருவா கெடக்கு, கடப்பாரை கெடக்கு. எந்தக் கடப்பாரை எந்திரிச்சு வீட்டைக் கொளுத்துச்சு? பயந்தாங்கொள்ளிப் பயலுக ஒன்னாக் கூடி ஒரு சட்டத்தைப் போட்டு வச்சிருக்கானுக. மம்பட்டியை எடுத்துக்கோ. இம்புட்டு வருசமா வெட்டுறோம். கல்லுல பட்டா லேசா ஒரு பொறி..."

அந்தப் பொறியில் மாரித்தாயின் பேச்சு நின்றுவிட்டது.

ஓடைக்கரை மேட்டில் கொஞ்சம் தோண்டினாலே கருங்கல். பொழுது மசங்குகிற நேரத்தில் அங்கே மண்வெட்டி போட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் பொறி தெறிக்கும். அவளே வெட்டியிருக்கிறாள். காலில் பட்டால் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். அந்தப் பொறி மண்ணில் விழுந்ததால் அவ்வளவுதான். மருந்து விரித்துக் கிடக்கிற தரையில் விழுந்தால்?

ஒரு சாண் எஃகு. குனிந்து நிமிர்கிற போர்மேன் இடுப்பு. கீழே சிமிண்டுத் தரை. ஒரு கொட்டகைக்கு எத்தனை பொம்பளைகள் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

"சுந்தரபாண்டி... நான் குடுத்தது இப்ப எங்கன இருக்கு? ... இடுப்புலயா? அவன் இடுப்புலயா? ... ஏலே, வேற எதுவும் சொல்லாத. அதை வச்சுக்கிட்டா உள்ள போயிட்டு வந்துக்கிட்டு இருக்கான்? சனிக்கெளமை, நேத்து, இன்னைக்கு... மூணு நாளாவா? ... சொல்லுலே. வாயில என்ன வச்சிருக்கே... என்ன? ... போகலையா? ... உள்ள போகவே இல்லையா? ... சத்தியமா? ... அம்மா மேல சொல்லு... சரி. சரி. இரு."

ரிசீவரை மார்பில் வைத்துக்கொண்டு மூச்சை விட்டாள். தங்கச்சாமி தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதைத் தொடவில்லை. போன உயிர் திரும்பி வந்ததும், முதலில் வந்தது கோபம்தான்.

"பெறகு எங்கன போனான் மூணு நாளா? ... கேட்டுக்கு வெளியவா? ... உடமரத்துக்குக் கீளயா. அதுல என்ன நெளல் இருக்கு, முள்ளுதான் இருக்கும்... காலையில வந்து உக்காந்து சாயந்தரம் சங்கு ஊதுனதும் எந்திரிச்சுப் போறானா. சீசன் நேரத்துலயா? ஆளு அம்புட்டும் உள்ள வேலை பாக்கையில, போர்மேன் வெளிய உக்காந்து ஈ ஓட்டுறானா? நல்ல போர்மேன். நல்ல பொளப்பு. ஏலே, களட்டி வாச்மேன்கிட்டக் குடுத்துட்டு உள்ள போறதுக்கு என்ன கேடு? சாயந்தரம் வாங்கிச் செருகிக்கிட்டா முடிஞ்சு போச்சு. யாரு பாக்கப்போறா? இதுகூடத் தெரியாத மடப்பயலா என் மகளைக் கட்டப்போறான்? இந்த லட்சணத்துல... என்ன? ... நானா? ... நான் என்ன சொன்னேன்?"

அந்தப் பக்கம் தம்பி அதைத் திருப்பிச் சொல்லியிருக்கவேண்டும். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"ஆமா. சொன்னேன்."

சாக்கு தைக்கிறவர்களின் ஊசிச் சத்தம் கேட்டது.

"இடுப்பைவிட்டு எறங்கக்கூடாதுன்னு சொன்னேன். ஆமா... எறங்குனா பொண்ணு கெடையாதுன்னும் சொன்னேன். சபையில வச்சுத்தான் சொன்னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னா அதைப் போயி... சரி, மேனேசர் என்ன சொல்லுறாரு? ... நாளைக்குக் காலையிலயா? உள்ள வராட்டி வேற ஆளா? ... பன்னெண்டு வருசமா இருக்கானே அங்கன... மாமியாக்காரி குடுத்தது, சாங்கியம், களட்டக்கூடாதுன்னு அவருகிட்டச் சொல்ல வேண்டியதுதான. அவரும் கல்யாணம் காச்சி பாத்த மனுசன்தான... சொல்லலையா? ... வேண்டுதல்னு சொன்னானா? தன் வேண்டுதல்னா? ஏன் அப்படிச் சொன்னான்?"

பதில் நீளமாக வந்தது. மாரித்தாய் குறுக்கே பேசாமல் ஒருத்தர் பேச்சை முழுசாகக் கேட்டதைத் தங்கச்சாமி அன்றைக்குத்தான் பார்த்தார்.

"என் பேரு கெட்டுப்போகுமாமா... வெடிக் கம்பெனிக்கு இரும்பு குடுத்துவிட்டா மாமியான்னு பேரு வந்துருமாம்... ஒன்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னானா? என்கிட்டச் சொன்னா நான் சங்கடப்படுவேனா? ... நான் சங்கடப்படுவேன்னு அவனுக்கு எவன் சொன்னான்."

குரலில் ஏளனம் இருந்தது. ஆனால் அது யாரைப் பார்த்து என்று அவளுக்கே தெரியவில்லை. தரையில் விரித்த அந்தத் தோள்துண்டு ஞாபகம் வந்தது. அலகைப் பார்த்ததும் மாறிய முகம் ஞாபகம் வந்தது. பித்தளையில் என்று அவன் கேட்டது பூணை இல்லை, அலகை. அப்போதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கழற்றினால் செல்லத்தாய் இல்லை, கழற்றாவிட்டால் வேலை இல்லை. இரண்டையும் இடுப்பில் செருகிக்கொண்டு வாயைத் திறக்காமல் போயிருக்கிறான். அவனைப் போய் வாயில்லாப் பூச்சி என்று நினைத்தாளே. மாரித்தாய்க்குத் தன்மேல் கசப்பாக வந்தது. அந்தக் கசப்பையும் தம்பிமேல்தான் துப்பினாள்.

"நீ ஒரு ஆளா? காலையில கேட்டுல அவனைப் பாத்துட்டு, பாத்திரக்கடையில வந்து நின்னுக்கிட்டு, வேப்பங்கட்டையா கருங்காலியான்னு என்கிட்டப் பரீச்சை வைக்கே. எடுத்ததும் சொல்ல வேண்டியதுதான... நான் சிரிச்சேனா? நான் சிரிப்பேன்தான். சிரிச்சா சிரிச்சுக்கிட்டு இருன்னு விட்டுருவியா? ... சரி, விடு. அந்த மூணு கத்தியும் எங்கன? ... கையிலதான இருக்கு. கடைக்காரன்கிட்டக் காந்தம் இருக்கா கேளு... காந்தம்லே, காந்தம். இரும்பை இளுக்குமே."

தங்கச்சாமி மேஜையில் ஒன்று கிடந்தது. வற்றலில் கிடக்கிற ஆணியைப் பொறுக்குவதற்கு வைத்திருப்பது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

"இருக்கா? நல்லது. கருங்காலியில வை... அலகுல இல்ல, பிடியில வை. முதுகுப் பக்கம்... ஒட்டுதா? பாத்தியா? உள்ள ஸ்பிரிங்கு இரும்பு. தூக்கி அந்தப் பக்கம் போடு. பூவேலையாம் பூவேலை. தேக்கு? ... ஆணியில ஒட்டுதா. அதுவும் வேண்டாம். கடைக்காரன் பித்தளைன்னா பித்தளைன்னு நம்பிருவியா? ... அடுத்தது. வேப்பங்கட்டை... அலகுல? ... ஒட்டல. ஆணியில? ... நல்லா அமுக்கி வை. திருப்பிப் போட்டு வை. பிடியைச் சுத்தி ஒரு வட்டம் ஓட்டு... எங்கயுமே ஒட்டல? ... இன்னொரு தடவை... ஒட்டல. சரி. அதை எடு... ஆமாலே, அந்தக் குறும்பி எடுக்குற குச்சியைத்தான் சொல்லுறேன். அதையே எடு."

தையல் பெண்களில் ஒருத்தி சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"எடுத்துட்டு நேரா விஸ்வநத்தம் போ. கெடைச்ச வண்டியில போ, பஸ்ஸுக்கு நிக்காத. அவன்கிட்டச் சொல்லு, அத்தை அதைக் களட்டச் சொன்னாகன்னு சொல்லு... யாரு, நான்தான் சொன்னேன், நான்தான் களட்டச் சொல்லுறேன், வேற யாரு வந்து சொல்லணும்? ... நம்பமாட்டானா? மேனேசர் முன்னால வச்சுச் சொல்லு. மாமியாதான் இரும்பைக் குடுத்தா, அவளுக்குக் கூறில்லன்னு சத்தமாவே சொல்லு. பேரு போனாப் போகட்டும். பதினெட்டு ஏக்கர் இருக்கு, பேரு இல்லாட்டியும் வெளையும்... பளசை வாங்கிக்கோ. கையில வாங்காத. துண்டை விரிச்சு அதுல வைக்கச் சொல்லி எடு. புதுசையும் அப்படியே குடு... ஆமா. ஆமா. எனக்கும் அவனுக்கும் நடுவுல சண்டை இருந்தது போதும்."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

"சாங்கியமா? ... தாலி ஏறுற வரைக்கும் இரும்பு வேணும்தான். இல்லாம எப்படி? பித்தளைக்கு எந்தக் காத்து கருப்பு பயப்படும், அது பாட்டுக்கு வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்கிரும்... அதான் சொல்லுறேன், கேளு. பளசைக் கொண்டுவந்து என்கிட்டக் குடு. நான் என் இடுப்புல செருகிக்கிறேன். காட்டுக்குப் போகையிலயும், வீட்டுல படுக்கையிலயும், கல்யாணப் பந்தல்லயும் அது என் இடுப்புலதான் இருக்கும். எது வந்தாலும் என்னைத் தாண்டித்தான அவன்கிட்டப் போகணும்? வரட்டும், பாத்துக்கிறேன்... சிரிக்காத. நான் வெளையாட்டுக்குச் சொல்லல... அப்பறம், அத்தை வருத்தப்பட்டா, கண்ணுல தண்ணி வச்சான்னு அவன்கிட்டக் கதை அளக்காத. இது வத்த நெடி."

மூக்கை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். பிரித்த வற்றல் மூட்டையை அதற்குள் கட்டி வைத்துவிட்டிருந்தார்கள்.

"யாரு? ... முடிஞ்சு போச்சா? தாயி, இரு தாயி, ஒரே ஒரு பேச்சு... வேற கால் காத்திருந்தா அது காத்திருக்கட்டும்... ஏலே, சுந்தரபாண்டி, கேக்குதா? மூணு நாளா அந்த முள்ளு மரத்துக்குக் கீள வெயில்ல... கையில சோறு கொண்டு போனாகளா? நீ பாத்தியா? இன்னைக்கு மாப்பிள்ளை சாப்பிட்டாகளா? ... ஹலோ... ஏலே... ஹலோ..."

காதில் கொர்ரென்ற சத்தம்தான் கேட்டது.

"மாப்பிள்ளை சாப்பிட்டாகளான்னு கேட்டேன்லே... ஹலோ..."